அதிரசக் குறிப்பு எட்டு இடத்தில் ஒரே மாதிரி இருந்தால்: நம்பலாமா, யாருடையது?

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ‘அதிரசம் செய்வது எப்படி’ என்று தேடிப் பாருங்கள். பத்துப் பக்கங்களைத் திறந்தால் எட்டில் ஒரே அளவு, ஒரே வரிசை, சில இடங்களில் ஒரே எழுத்துப்பிழை. எட்டுப் பேர் சொல்கிறார்களே, சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றும். ஒருவர் எழுதியதை ஏழு பேர் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த ஒருவர் செய்து பார்த்துத்தான் எழுதினாரா என்று தெரிய வேண்டும். அந்த எழுத்துக்கு உரிமையாளரும் அவரே. ஆகவே குறிப்பை நம்பலாமா என்று பார்ப்பதும், அது யாருடையது என்று பார்ப்பதும் முக்கால்வாசி ஒரே வேலை. மூலத்தைத் தேடிப் போக வேண்டும்.

மூலத்தைப் பிடிப்பது

பொருள் பட்டியலை வைத்துத் தேடாதீர்கள். ‘பச்சரிசி, வெல்லம், ஏலக்காய்’ எல்லா அதிரசத்திலும் இருக்கும். செய்முறைக்குள் கொஞ்சம் விசித்திரமாக இருக்கும் ஒரு வாக்கியத்தை எடுத்து, மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். ஒட்டியவர்கள் அந்த வாக்கியத்தை மாற்றியிருக்க மாட்டார்கள். கிடைப்பவற்றில் பழைய தேதி எது என்று பாருங்கள். பக்கத்தின் மேலே இருக்கும் தேதியை அப்படியே நம்ப வேண்டாம், ‘புதுப்பிக்கப்பட்டது’ என்று மாற்றிக்கொண்டே இருப்பார்கள். இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் முகவரியை இட்டால் அந்தப் பக்கம் முதலில் எப்போது சேமிக்கப்பட்டது, அப்போது என்ன எழுதியிருந்தது என்று காட்டும்.

அடுத்தது படம். படத்தை வைத்துத் தேடும் வசதி முக்கியமான தேடுபொறிகளில் உண்டு. கடைசித் தட்டுப் படம் வேறு நாலு இடத்தில் கிடைத்தால் சமைத்தவர் இவர் இல்லை. படிப்படியான படங்கள் இருந்தால் பாத்திரத்தைப் பாருங்கள். ஊறிய அரிசி, பாகு, மாவு, எண்ணெய்ச் சட்டி எல்லாம் ஒரே அடுப்பு மேடையில், ஒரே கரண்டியோடு இருந்தால் செய்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

வீடியோவாக இருந்தால் ‘சூப்பர் மேம்’ என்ற பின்னூட்டங்களைத் தாண்டிப் போய், செய்து பார்த்தவர்கள் எழுதியதைத் தேடுங்கள். “எண்ணெயில் போட்டதும் பிரிஞ்சு போச்சு” என்று ஒருவர் கேட்டிருக்க, “பாகு இளம்பதத்தில் இறக்கியிருப்பீங்க, ரெண்டு ஸ்பூன் பச்சரிசி மாவு சேர்த்துப் பிசைஞ்சு பாருங்க” என்று பதில் வந்திருந்தால் அவர் கைப்பழக்கம் உள்ளவர். பதிலே இல்லை, அல்லது கைகூப்பும் பொம்மை மட்டும் என்றால் வேறு இடம் பாருங்கள். வாயால் சொல்லும் அளவும் வீடியோவுக்குக் கீழே எழுதியிருக்கும் அளவும் வேறுபடுவது சர்வ சாதாரணம். அப்போது கையில் எதை அளந்து கொட்டுகிறார் என்பதே கணக்கு.

இன்னொரு வகை, ஆங்கிலத்திலிருந்து இயந்திரம் பெயர்த்தவை. ‘பூண்டு கிராம்பு 4’ என்று கண்டால் மூடிவிடுங்கள். பூண்டுப் பல்லையும் கிராம்பையும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் சொல்வதால் வந்த கோளாறு அது. ‘அனைத்து நோக்க மாவு’ என்றால் மைதா. ஆப்பச் சோடாவும் பேக்கிங் பவுடரும் ‘சமையல் சோடா’ என்று ஒன்றாகிவிட்டால்தான் பெரிய ஆபத்து. பேக்கிங் பவுடருக்குச் சொன்ன 2 தேக்கரண்டியை ஆப்பச் சோடாவாகப் போட்டால் கேக் பழுப்பாகி, சோப்பு வாடை அடிக்கும்.

ஒரே சொல், வேறு பொருள்

‘கப்’ என்பது அளவே இல்லை, எந்தக் கப் என்று சொல்லும் வரை. அமெரிக்கக் கப் சுமார் 240 மி.லி., ஆஸ்திரேலியக் கப் 250, ரைஸ் குக்கரோடு வரும் கப் 180. மேசைக்கரண்டி பொதுவாக 15 மி.லி.; ஆஸ்திரேலியாவில் 20. சிட்னியில் இருந்து எழுதும் ஒருவருடைய குறிப்பை மதுரையில் செய்தால் கரண்டிக்குக் கரண்டி கால்பங்கு குறையும். எல்லாப் பொருளையும் ஒரே கப்பில் அளந்தால் விகிதம் தப்பாது என்பார்கள். அரிசி, பருப்பு, தண்ணீருக்கு அது சரி. மாவுக்குச் சரிவராது. மைதாவைச் சலித்து மெல்ல நிரப்பினால் ஒரு கப் 120 கிராம் சொச்சம், டப்பாவுக்குள் கப்பை விட்டு அழுத்தி எடுத்தால் 145 வரை போகும். நூற்றுக்கு இருபது வித்தியாசம். பிஸ்கட் உதிர்வதும் கல்லாவதும் அங்கேதான். 500 ரூபாய்க்குள் கிடைக்கும் சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் பாதிக் குறிப்புகளை வடிகட்டிவிடலாம்.

‘மிளகாய்த்தூள் 3 தேக்கரண்டி’ என்றால் தனி மிளகாய்த்தூளா, மல்லி சேர்த்த குழம்பு மிளகாய்த்தூளா? முந்தையதைப் போட்டால் வாயில் வைக்க முடியாது. யாழ்ப்பாணத்தார் எழுதும் குறிப்பில் ‘தூள்’ என்றாலே மல்லி, மிளகு, சீரகம் எல்லாம் வறுத்துத் திரித்த கறித்தூள். இலங்கைக் குறிப்பில் ‘கோதுமை மா’ என்று இருந்தால் அது இங்குள்ள மைதா. முழுக் கோதுமையை அவர்கள் ஆட்டா மா என்பார்கள். இது தெரியாமல் ரொட்டி செய்துவிட்டுக் குறிப்பைத் திட்டிப் பயனில்லை. இடியப்பத்துக்கு அங்கே வறுத்த மா, அவித்த மா என்று இரண்டு வழக்கம் உண்டு. எது என்று எழுதாத குறிப்பில் தண்ணீர் அளவுக்குப் பொருளே இல்லை.

பழைய தமிழ்ப் புத்தகங்களில் வேறு சிக்கல். ஆழாக்கு, உழக்கு, உரி, படி என்று இருக்கும். 2 ஆழாக்கு 1 உழக்கு, 2 உழக்கு 1 உரி, 2 உரி 1 படி. இந்த விகிதம் மாறாது. ஆனால் படியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் வேறு. ஆழாக்கை 168 மி.லி. என்று வைத்துக் கணக்குப் போடுவது வழக்கம், அந்தக் கணக்கில் படி 1.34 லிட்டர். ஒரே குறிப்பில் எல்லாமே ஆழாக்கில் இருந்தால் உங்கள் டம்ளரை ஆழாக்காக வைத்துக்கொள்ளலாம், கெட்டுப்போகாது. ஒரு பொருள் ஆழாக்கிலும் இன்னொன்று பலத்திலும் இருந்தால்தான் மாற்றியாக வேண்டும். 1 பலம் 35 கிராம், 1 ரூபாய் எடை 11.66 கிராம், 40 பலம் கொண்ட வீசை 1.4 கிலோ. மைசூர்பாகுக்குச் ‘சர்க்கரை அரை வீசை’ என்றால் 700 கிராம். அந்தப் புத்தகங்கள் நம்பத்தக்கவை, பெரும்பாலும் செய்தவர்கள் எழுதியவை. ஆனால் அடுப்பு விறகோ கரியோ ஆக இருந்த காலத்தவை. ‘நிதானமான தணல்’ என்பதை எரிவாயு அடுப்பின் சிறு தீ என்று படித்துக்கொள்ள வேண்டும்.

காகிதத்திலேயே ஒரு தடவை சமைத்துப் பார்ப்பது

அடுப்பு மூட்டும் முன் கணக்குப் போட்டாலே பொய்க் குறிப்பு மாட்டிக்கொள்ளும். அதிரசத்தையே எடுத்துக்கொள்வோம். கால் கிலோ அரிசிக்கு: மாவுப் பச்சரிசி 250 கிராம், பாகு வெல்லம் 190 கிராம், தண்ணீர் 60 மி.லி., ஏலக்காய், சுக்கு, கொஞ்சம் எள்.

முதலில் விகிதம். அரிசியின் எடையில் முக்கால் பங்கு வெல்லம். இதிலிருந்து கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். வெல்லம் அரிசியின் எடையையே தாண்டிவிட்டால் எண்ணெயில் விரிந்து பிரியும். குறிப்பில் ‘அரிசி 2 கப், வெல்லம் 2 கப்’ என்று இருந்தால், அது பொடித்த வெல்லமா, துருவியதா, அழுத்தி அளந்ததா என்று கேட்க வேண்டும். சொல்லவில்லை என்றால் அந்தக் கப் கணக்கை விட்டு எடைக்குப் போங்கள்.

இரண்டாவது, ஈரம். அரிசி 2 மணி நேரம் ஊறி, வடிந்து, நிழலில் துணியில் உலர வேண்டும். எவ்வளவு நேரம் என்று எழுதுவதைவிட எப்படி இருக்க வேண்டும் என்று எழுதுபவரே விஷயம் தெரிந்தவர். கையில் அள்ளினால் குளிர்ச்சி தெரிய வேண்டும், ஒன்றிரண்டு அரிசி உள்ளங்கையில் ஒட்டலாம், ஈரம் ஒட்டக் கூடாது. அரைத்த மாவைப் பிடித்தால் கொழுக்கட்டை போல் நிற்கும், தட்டினால் உதிரும். ‘கடையில் வாங்கிய அரிசி மாவு’ போதும் என்று சொல்லும் குறிப்பு அதிரசத்துக்கு ஆகாது. காய்ந்த மாவு பாகை உறிஞ்சிக்கொண்டு இறுகிவிடும், தட்டும்போது ஓரம் வெடிக்கும்.

மூன்றாவது பாகு. இங்கேதான் பெரும்பாலான நகல்கள் வழுக்குகின்றன. ‘7 நிமிடம் கொதிக்கவிடவும்’ என்று இருந்தால் அது பயன்படாத வரி. அகலச் சட்டியில் 4 நிமிடத்தில் வரும் பதம் குழிந்த பாத்திரத்தில் 9 நிமிடம் எடுக்கும். அளவை இரட்டிப்பாக்கினால் நேரமும் இரட்டிப்பாகும் என்றும் இல்லை. தட்டில் குளிர்ந்த தண்ணீர் வைத்து ஒரு சொட்டு விட வேண்டும். கரைந்தால் போதாது. விரலால் கூட்டினால் மெத்தென்ற உருண்டையாகத் திரண்டு, அழுத்தினால் நசுங்க வேண்டும். அதுதான் இறக்கும் நேரம். தட்டில் போட்டால் ‘டங்’ என்று சத்தம் வரும் பதம் கடலை உருண்டைக்கு. அதிரசத்துக்கு அது வந்துவிட்டால் பல் போய்விடும். வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு, சர்க்கரைப் பாகில் இந்த மெத்தென்ற உருண்டைப் பதம் 112 முதல் 116 டிகிரி செல்சியஸ். வெல்லத்தில் மண்டலத்துக்கு மண்டலம் கசடு வேறுபடுவதால் தண்ணீர்ச் சோதனையே கடைசித் தீர்ப்பு. மைசூர்பாகுக்குச் சொல்லும் ஒற்றைக் கம்பிப் பாகு இதற்கு முந்தின கட்டம். அதை அதிரசத்துக்கு எழுதியிருந்தால் எழுதியவர் வேறு பலகாரத்திலிருந்து வரியை எடுத்திருக்கிறார்.

நான்காவது, எண்ணிக்கை. இதை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் குறிப்பின் பொய்யை இதுபோல் வேறெதுவும் காட்டிக்கொடுக்காது. 250 கிராம் அரிசி ஊறி உலர்ந்த பின் மாவு ஏறத்தாழ 290 கிராம். வெல்லம் 190. மொத்தம் 480 கிராம் மாவு. எலுமிச்சை அளவு உருண்டை 30 கிராம் என்றால் 16 அதிரசம். ‘40 அதிரசம் வரும்’ என்று எழுதியிருந்தால் ஒன்று 12 கிராம். அது அதிரசம் இல்லை, பொட்டு. எந்தக் குறிப்புக்கும் இந்தக் கணக்கு செல்லும். உள்ளே போகும் எடையைக் கூட்டி, ஒன்றின் எடையால் வகுக்க வேண்டும்.

பிறகு காத்திருப்பு. பாகில் மாவைக் கொட்டிக் கிளறும்போது இட்லி மாவுக்குச் சற்று மேல் கெட்டியாக, தளர்வாகத்தான் இருக்கும். மேலே நெய் தடவி மூடி வைத்தால் ஒரு நாளில் இறுகிச் சப்பாத்தி மாவு போல் வரும். ‘உடனே தட்டிப் பொரிக்கலாம்’ என்பவர்கள் மாவை அதிகம் போட வைத்து இறுக வைக்கிறார்கள். பொரிப்பது மிதமான தீயில், ஒவ்வொன்றாக. எண்ணெய் புகைந்தால் வெளியே கறுத்து உள்ளே பச்சை மாவாக நிற்கும். முதல் அதிரசம் பிரிந்தால் நிறுத்திவிட்டு மாவில் கொஞ்சம் ஈர அரிசி மாவு சேருங்கள். கல்லாக வந்தால் ஒரு தேக்கரண்டி பால் தெளித்துப் பிசைந்து பாருங்கள். ஒரு குறிப்பில் இந்த இரண்டு திருத்தமும் இருந்தால் மற்ற வரிகளையும் நம்பலாம்.

இட்லி மாவுக்கு இதே போல் சோதிக்க வேண்டுமானால் உப்பைப் பாருங்கள். கரைத்த மாவின் எடையில் நூற்றுக்கு ஒன்று. 3 கிலோ மாவுக்கு 30 கிராம். தூள் உப்பு தேக்கரண்டிக்கு 6 கிராம் பிடிக்கும். கல் உப்பில் இடைவெளி விழுவதால் அதே கரண்டியில் குறைவாக நிற்கும். எந்த உப்பு என்று சொல்லாத குறிப்பில் பாதி போட்டு நாக்கில் பாருங்கள்.

தவறினால் வயிற்றைக் கெடுக்கும் குறிப்புகள்

அதிரசம் கெட்டால் வெல்லம் போகும். ஊறுகாய், ஜாம், பாட்டிலில் அடைப்பவை கெட்டால் ஆளே படுத்துவிடுவார். இவற்றுக்கு மட்டும் ‘எங்கள் வீட்டு வழக்கம்’ போதாது. காற்றில்லாத இடத்தில் வளரும் பொட்டுலிசம் கிருமி, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 4.6-க்கு மேல் உள்ள, அதாவது புளிப்புக் குறைந்த, ஈரமான உணவில் நஞ்சைச் சுரக்கும். வாடையும் வராது, நிறமும் மாறாது. பச்சைப் பூண்டை எண்ணெயில் போட்டு மாதக்கணக்கில் அலமாரியில் வைக்கச் சொல்லும் வீடியோக்கள் இந்த வகையில் மோசமானவை. பூண்டு ஊறுகாயில் புளியும் எலுமிச்சையும் ருசிக்கு மட்டும் இல்லை, காவலுக்கும். ‘புளிப்புப் பிடிக்காதவர்கள் குறைத்துக்கொள்ளலாம்’ என்று எழுதியிருந்தால் அந்த ஊறுகாய் குளிர்பெட்டிக்குப் போக வேண்டும், அதுவும் சில நாளைக்கு. ஜாமுக்கு இந்திய உணவுத் தரக்கட்டுப்பாட்டு ஆணையம் வைத்திருக்கும் அளவு பழம் 45 சதவீதம், கரைந்த திடப்பொருள் 65 சதவீதம். ‘சர்க்கரை பாதி போதும்’ என்னும் ஜாம் சாப்பிட நன்றாக இருக்கலாம், வெளியில் வைக்க முடியாது.

இந்த வகைக் குறிப்புகளுக்கு மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், தஞ்சாவூர் நிஃப்டெம் (தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம்), தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆகியவை வெளியிடுபவற்றை எடுங்கள். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் தமிழிலேயே கிடைக்கும். சத்து அளவு போடும் குறிப்புகளைச் சரிபார்க்க ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 உணவுப் பொருள் அட்டவணை இருக்கிறது. 528 உணவுகள், எல்லாம் இந்தியாவில் எடுத்த மாதிரிகள்.

சரி, இது யாருடையது?

குறிப்பை மூன்றாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீரும்: செய்யும் முறை, அதைச் சொன்ன சொல்லும் படமும், அதன் பெயர்.

செய்யும் முறைக்குப் பதிப்புரிமை கிடையாது. இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டம் எழுத்தையும் படத்தையும் ஒளிப்பதிவையும் காக்கிறது, அதற்குள் இருக்கும் யோசனையைக் காப்பதில்லை. ஒரு கருத்துக்கு உரிமை கிடையாது, அது சொல்லப்பட்ட வடிவத்துக்கே உண்டு என்பதை 1978-ல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. அது நாடகமும் சினிமாவும் பற்றிய வழக்கு என்றாலும் கொள்கை சமையலறைக்கும் பொருந்தும். அமெரிக்காவில் 1996-ல் தயிர்க் குறிப்புகள் பற்றிய வழக்கிலேயே, பொருள் பட்டியலுக்கும் அதைச் சேர்க்கும் வழிக்கும் பதிப்புரிமை இல்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, ஒருவர் குறிப்பைப் பார்த்து அதிரசம் சுடலாம், விற்கலாம், நாலு பேருக்குச் சொல்லிக்கொடுக்கலாம். யாரும் தடுக்க முடியாது.

கண்டுபிடிப்புக் காப்புரிமை வாங்க முடியாதா என்றால், 1970 காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(e) வெறும் கலவையை ஏற்பதில்லை; 3(p) மரபு அறிவை ஏற்பதில்லை. காயத்துக்கு மஞ்சள் தடவுவதற்கு அமெரிக்காவில் 1995-ல் கொடுத்த காப்புரிமை, இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல் சான்றுகளை எடுத்துவைத்ததும் 1997-ல் ரத்தானது. இதன் பிறகே மரபு அறிவு மின்னூலகம் உருவானது. சித்த மருத்துவ நூல்களும் அதில் உண்டு.

சொல்லும் படமும் வேறு கதை. ‘பாகு முற்றினால் அதிரசம் கடையாணி, முற்றாவிட்டால் கஞ்சி’ என்று ஒருவர் எழுதியிருந்தால் அந்த வரி அவருடையது. படம் எடுத்தவருடையது. வீடியோவை வெட்டி உங்கள் குரலைப் போட்டாலும் ஒளிப்பதிவு அவருடையதே. ஒரு புத்தகத்தின் 100 குறிப்புகளையும் அதே வரிசையில், அதே தலைப்புக் கட்டில், வார்த்தை மட்டும் மாற்றிப் போட்டால் தேர்வும் அடுக்கும் சார்ந்த உரிமையில் சிக்கலாம். ‘நன்றி: முகநூல்’, ‘நன்றி: கூகுள்’ என்று போடுவது அனுமதி ஆகாது. கூகுள் அதிரசம் சுடுவதில்லை.

உரிமை எழுதியவர் இறந்த பின் 60 ஆண்டு, அதுவும் அடுத்த ஜனவரி முதல் தேதியிலிருந்து கணக்கு. 1964-ல் இறந்தவர் எழுதியது 2024 முடிய உரிமைக்குள் இருந்தது, 2025 முதல் பொது. இலங்கையில் 2003-ஆம் ஆண்டின் அறிவுசார் சொத்துச் சட்டப்படி 70 ஆண்டு. பழைய நூல் மின்வடிவில் இலவசமாகக் கிடைக்கிறது என்பதால் உரிமை தீர்ந்துவிட்டது என்று ஆகாது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகத்தில் எடுக்கும்போது அது நாட்டுடைமையான நூலா என்று பாருங்கள். அரசு உரிமையை வாங்கிப் பொதுவில் விட்டவை அவை.

பெயர் மூன்றாவது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் பழனிப் பஞ்சாமிர்தமும் 2019-லும், கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020-லும், மணப்பாறை முறுக்கு 2023-லும் புவிசார் குறியீடு பெற்றன. இதனால் வீட்டில் பால்கோவா கிண்ட யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கடலூரில் கிண்டிய பால்கோவாவை ‘பால்கோவா’ என்று விற்கலாம், ‘ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா’ என்று சீட்டு ஒட்டத்தான் கூடாது. குறியீட்டுப் பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. அதன் இணையதளத்தில் ஒவ்வொரு விண்ணப்பமும் திறந்தே கிடக்கும், செய்முறை விவரத்தோடு. பலருக்குத் தெரியாத புதையல் அது. ஒரு பலகாரத்தை அந்த ஊர் எப்படிச் செய்கிறது என்று அந்த ஊர்க்காரர்களே கையெழுத்திட்டுக் கொடுத்த குறிப்பு வேறெங்கு கிடைக்கும்?

‘நாங்கள்தான் கண்டுபிடித்தோம்’ என்ற பேச்சும் பெயர்ச் சண்டைதான். பட்டர் சிக்கனையும் தால் மக்கனியையும் உருவாக்கியவர் யார் என்று தில்லி உயர் நீதிமன்றத்தில் 2024-ல் மோதி மஹாலும் தரியாகஞ்ச் உணவகமும் மோதின. சண்டை, அந்தப் பெருமையை விளம்பரத்தில் சொல்லிக்கொள்வது பற்றி.

மிச்சம் இருப்பது ரகசியம். பொட்டலத்தில் விற்கும் உணவுக்குப் பொருட்களை எடை மிகுந்ததிலிருந்து குறைந்தது வரை வரிசையாக அச்சிட வேண்டும் என்பது விதி. ஆனால் ‘மசாலாப் பொருட்கள்’ என்று ஒரே சொல்லில் தொகுத்துச் சொல்ல அதே விதி இடம் தருகிறது. கடைகளின் ரகசியமெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. உங்களுக்கோ அந்த வரிசை ஒரு சோதனைக் கருவி. ‘கடைச் சுவையில் முறுக்கு’ என்ற குறிப்பில் உளுந்து மாவு அதிகமாக இருந்து, பொட்டலத்தில் பொட்டுக்கடலை மாவு முன்னால் இருந்தால் அந்தக் குறிப்பு ஊகம்.

நீங்கள் எழுதும்போது

மூலத்தை மூடி வைத்துவிட்டு, செய்து முடித்த கையோடு உங்கள் எடைக் கணக்கில் எழுதுங்கள். சொல்லுக்குச் சொல் மாற்றிப்போடுவது எழுத்தாகாது. ‘வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிப் பாகு காய்ச்சவும்’ என்பதை ‘வெல்லத்தைக் கரையவிட்டு வடித்துப் பாகு எடுக்கவும்’ என்று ஆக்கினால் உரிமைச் சிக்கலும் தீராது, படிப்பவருக்கும் புதிதாக எதுவும் இல்லை. ‘190 கிராம் வெல்லத்துக்கு 60 மி.லி. போதும், கல்லும் மண்ணும் அடியில் தங்கும், கடைசிக் கரண்டியை ஊற்றாதீர்கள்’ என்பது செய்தவர் எழுத்து. அடியில் ஒரு வரி: அளவு யாரிடமிருந்து, நீங்கள் மாற்றியது எது. சட்டம் கேட்காவிட்டாலும், அடுத்து வருபவர் மூலத்தைப் பிடிக்க அந்த வரிதான் உதவும்.

பத்திரிகைப் போட்டிக்கு அனுப்பும்போது விதிமுறையைப் படியுங்கள். உரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்தில் இருந்தால்தான் செல்லும். அதில் காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு வைத்திருக்கிறது. ஓட்டலில் சம்பளத்துக்கு இருக்கும் மாஸ்டர் வேலையின் பகுதியாக எழுதிக்கொடுத்த குறிப்பேடு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் ஓட்டலுக்கே. கைப்பழக்கம் மாஸ்டருடையது. வேலையை விட்ட பிறகு வேறெங்கும் சமைக்கக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தாலும் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின் முன் அது நிற்காது. ரகசியம் காப்பதாகத் தனியாக ஒப்புக்கொண்டிருந்தால் மட்டும் கவனம்.

பாட்டியின் கையெழுத்து நோட்டைப் புத்தகமாகப் போட நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நோட்டு உங்கள் பீரோவில் இருப்பதால் உரிமை உங்களுக்கு வந்துவிடாது. பாட்டி உயில் எழுதாவிட்டால் எல்லா வாரிசுக்கும் பங்கு உண்டு. அவர் காலத்தில் அச்சாகாத எழுத்துக்கு, அச்சான பின்னும் 60 ஆண்டு உரிமை ஓடும். அத்தை, சித்தப்பா, பெரியம்மா பிள்ளைகள் எல்லோரிடமும் ஒரு பக்கத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். புத்தகம் விற்க ஆரம்பித்த பிறகு கேட்டால் அது வேறு மாதிரிப் போகும்.

உங்கள் எழுத்தையோ படத்தையோ எவரேனும் எடுத்துப் போட்டுவிட்டால் முதலில் தேதியோடு திரைப்பிடிப்பு எடுங்கள், வேபேக் மெஷினில் அந்தப் பக்கத்தைச் சேமியுங்கள். உங்கள் மூலக் கோப்பை, கேமராவிலிருந்து வந்த பெரிய படத்தை, பத்திரப்படுத்துங்கள். பதிவு கட்டாயம் இல்லை. வேண்டுமானால் பதிப்புரிமை அலுவலகத்தில் எழுத்துக்கு 500 ரூபாய் கட்டணம். பிறகு அந்தத் தளத்துக்கு எழுத்தில் புகார்: எது உங்களுடையது, எந்த முகவரியில் இருக்கிறது, உரிமை உங்களுக்கு எப்படி. 2013 பதிப்புரிமை விதிகளின் 75-ஆம் விதிப்படி, புகாரில் நியாயம் இருப்பதாகத் தெரிந்தால் 36 மணி நேரத்துக்குள் அவர்கள் அந்தப் பக்கத்தை மறைக்க வேண்டும். மறைத்தது 21 நாளைக்குத்தான் நிற்கும். அதற்குள் நீதிமன்ற உத்தரவு கொண்டுபோகாவிட்டால் அவர்கள் மறுபடி திறந்துவிடலாம். புகாரில் ‘என் அதிரசக் குறிப்பைத் திருடிவிட்டார்’ என்று எழுதினால் தள்ளிவிடுவார்கள். ‘இந்த 4 பத்திகளும் இந்த 6 படங்களும் என்னுடையவை’ என்று எழுதுங்கள்.